ஒயினும் உலர்ந்த ஆப்ரிகாட்டும்

வெள்ளை ஒயின், இரண்டு மிடறுதான். பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகி, மூச்சு விசிலடித்தது. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா இருப்பதால் பையில் இன்ஹேலர் இருந்தது; தப்பித்தேன். விருந்துக்கு வந்தவர்கள் "உனக்கு மது ஒத்துக்கொள்ளாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முதலில் பார்த்த மருத்துவரும் "குடிக்காதீர்கள், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு அந்த மருத்துவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

எனக்குத்தான் கணக்கு உதைத்தது. மதுதான் காரணம் என்றால் ரம் ஏன் என்னை விட்டுவைத்தது? மூன்று மாதம் கழித்து, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்த உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு கைப்பிடி தின்றேன். அதே இறுக்கம். அதில் ஒரு சொட்டு மதுகூடக் கிடையாது.

ஆப்ரிகாட் பாக்கெட்டையும் ஒயின் புட்டியின் படத்தையும் எடுத்துக்கொண்டு ஒவ்வாமை மருத்துவரிடம் போனேன். இரண்டிலும் ஒரே சொல்: சல்ஃபைட். ஒயின் கெடாமலிருக்கவும் பழத்தின் நிறம் மங்காமலிருக்கவும் சேர்ப்பது. ஐரோப்பிய விதிப்படி சாதாரண சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளையில் 200 வரை இருக்கலாம். உலர்ந்த ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 2,000 வரை. ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு இது மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும்.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனையை இதில் நம்ப முடியாதாம். அதனால் மருத்துவமனையிலேயே உட்காரவைத்து, மெட்டாபைசல்ஃபைட் என்ற சல்ஃபைட் வகையின் கரைசலைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் குழாயில் முழு மூச்சோடு ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்று 20 சதவீதம் குறைந்தால் உறுதி. மூன்று அளவு வரை ஒன்றுமில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. நான்காவதில் 23 சதவீதம் இறங்கியது. மூச்சு திணறிக்கொண்டிருந்தபோதும், "நான் சொன்னேனே" என்று கத்தத் தோன்றியது. உடனே மருந்துப் புகை பிடிக்கவைத்தார்கள். இதை வீட்டில் யாரும் முயலக் கூடாது. பக்கத்தில் மருத்துவர் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்போது கடையில் எதை எடுத்தாலும், உறையில் சல்ஃபைட்டுகளைக் குறிக்கும் 220 முதல் 228 வரையிலான எண்களைத்தான் முதலில் தேடுகிறேன். பொன்னிற உலர்திராட்சையிலும் இதுதான். "குடியை விட்டால் போதுமென்று அந்த டாக்டர் சொன்னாரே" என்று முணுமுணுத்துக்கொண்டே, அம்மா என் பங்குப் பாயசத்தை மட்டும் திராட்சை போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவைக்கிறாள்.