கான்ஃபரன்ஸ் ரூமை விட்டுவிடுங்கள், ஃபைல் ரூமைத் திறங்கள்

கம்பெனிக்கு பாட்காஸ்ட் தொடங்கலாம் என்றதும் எல்லோர் கண்ணும் போவது கான்ஃபரன்ஸ் ரூம் மேல்தான். ஏசி உண்டு, நல்ல நாற்காலி உண்டு, கதவைச் சாத்தினால் அமைதி. ஆனால் ஒலிப்பதிவுக்கு ஆபீஸிலேயே மோசமான இடம் பெரும்பாலும் அதுதான். கண்ணாடிச் சுவர், டைல்ஸ் தரை, வழவழப்பான நீள மேசை என்று பேச்சு எதில் பட்டாலும் திரும்பி வந்து மைக்கில் விழும்.

அறை நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். ‘டப்’ என்று அங்கேயே அடங்கினால் சரி. கம்பி அதிர்வதுபோல ‘டர்ர்’ என்று இழுத்தால், எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன. சீரான இரைச்சலை எடிட்டிங்கில் ஓரளவு குறைக்கலாம். எதிரொலியை எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து கெடும்.

அதனால்தான் ஃபைல் ரூம். ரேக் நிறையக் காகிதம், அட்டைப்பெட்டி, மூட்டை என்று அடைந்து கிடப்பதுதான் அதன் பலம். வீடென்றால் மெத்தை போட்ட படுக்கையறை. மைக் பேசுபவரின் முகத்தைப் பார்க்கிறது. ஆகவே அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அங்கே கனமான ஜமக்காளம் ஒன்றை, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். ஒட்டித் தொங்கவிட்டால் பலன் குறையும். முட்டை அட்டை ஒட்டுவது வெறும் அலங்காரம்.

அடுத்தது இரைச்சல். பேசும்போது ஒலி அளவு காட்டும் மீட்டர் உச்சத்தில் -12 முதல் -6 டெசிபல் வரை தொடும்படி கெயினை (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அளவை) வைத்துவிட்டு, யாரும் பேசாமல் 30 விநாடி பதிவு செய்யுங்கள். -60க்குக் கீழே நின்றால் நல்ல அறை. -45ஐத் தொட்டால் வேறு இடம் தேடலாம். ஃபேன் ஓடக் கூடாது. ஏசியை அரை மணி முன்பே போட்டுக் குளிரவைத்து, பதிவின்போது அணைத்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை விட்டால் விருந்தினர் வியர்க்க மாட்டார். ‘உம்ம்’ என்று அடியில் ஒரு ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இந்தச் சோதனையை, நிஜமாகப் பதிவு செய்யப் போகும் அதே நேரத்தில் செய்யுங்கள். காலை பத்துக்கு ஓடும் போர் மோட்டார் மாலையில் தெரியாது.

மைக், தூரத்துச் சத்தத்தை அதிகம் எடுக்காத டைனமிக் வகையாக இருக்கட்டும், வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில். இன்னொரு வகையான கண்டென்ஸரும் நல்ல மைக்தான். ஆனால் பக்கத்துக் குக்கர் விசிலையும் அக்கறையாக எடுத்துத் தரும். இருவர் பேசினால் இரண்டு மைக்குக்கும் இடையே, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

ஸ்டுடியோவை மணிக்கணக்கில் எடுப்பதானால் இரண்டே கேள்வி: ஒவ்வொரு மைக்கும் தனி டிராக்கில், அதாவது தனித்தனிப் பதிவாக வருமா? மைக் பொருத்தும் நேரத்துக்கும் வாடகை ஓடுமா?