பெயராலே, பெயர்களாலே இல்ல

போன வாரம் காலையில தங்கச்சிமடம் கரையில உக்காந்து வலையில சிக்குன நண்டையெல்லாம் கால் ஒடையாம பிரிச்சு எடுத்துட்டு இருந்தேன், கீழக்கரைலேர்ந்து வர்ற முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், காக்கான்னுதான் கூப்புடுவேன், வருஷக்கணக்கா பழக்கம், பக்கத்துல குத்தவச்சு உக்காந்து கேட்டாரு. "தம்பி தப்பா எடுத்துக்காதீக, கடவுள் ஒருத்தர்தான்னும் சொல்றீக, பிதா சுதன் ஆவின்னும் சொல்றீக, மூணு எப்புடி ஒண்ணாகும்?" வம்புக்குக் கேக்கல, மனசுலேர்ந்து கேட்டாரு.

நான் சின்ன வயசுல மறைக்கல்வில கேட்டதச் சொல்லிட்டேன். ஐஸ் பாரும் தண்ணிதான், ஆவியும் தண்ணிதான், அது மாதிரின்னு. வீட்டுக்கு வந்து பைபிள்ல மத்தேயு 3 எடுத்துப் படிச்சப்ப வருத்தமாயிருச்சு. இயேசு யோர்தான்லேர்ந்து கரையேறுறாரு, ஆவியார் புறா மாதிரி எறங்குறாரு, வானத்துலேர்ந்து "இவர் என் மகன்"னு தந்தையோட குரல், மூணும் ஒரே நேரத்துல! ஐஸ் பாரு உருகுனாத்தானே தண்ணி. அப்ப நான் சொன்ன உதாரணப்படி ஒரே ஆளு மூணு வேஷம் கட்டுறாருன்னுல்ல ஆகுது, அத சபை 3ஆம் நூற்றாண்டுலயே தள்ளி வச்சிருச்சு.

ஒரே கடவுள் பிதா, சுதன், ஆவின்னு மூணு ஆளா இருக்காருங்கறதத்தான் திரித்துவம்னு சொல்றோம், அந்த வார்த்தை பைபிள்ல இல்ல, உண்மை. பழைய பைபிள்ல 1 யோவான் 5:7ல பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூணும் ஒண்ணுன்னு இருக்கும், அதையும் நான் காட்ட மாட்டேன், ஏன்னா பழைய கிரேக்கப் பிரதிகள்ல அந்த வரி கெடையாது, எராஸ்மஸ்ங்கற அறிஞர் கிரேக்க புதிய ஏற்பாட்ட 1516ல அச்சடிச்சப்ப விட்டுட்டு 1522லதான் சேத்தாரு. இல்லாத வரிய வச்சு நம்ம விசுவாசத்தக் காப்பாத்த வேண்டிய அவசியம் இல்ல.

எனக்கு பெருசா படுறது 1 கொரிந்தியர் 8:6. பவுல் யூதரு, கடவுளாகிய ஆண்டவர் ஒருத்தர்தான்ங்கற பழைய ஏற்பாட்டு வரி, இணைச்சட்டம் 6:4, அவரு நாக்குல ஊறுனது. அந்த வரியில உள்ள கடவுள், ஆண்டவர்ங்கற ரெண்டு சொல்லையும் எடுத்து, ஒரே கடவுள் தந்தை, ஒரே ஆண்டவர் இயேசு கிறிஸ்து, இவர் வழியாத்தான் எல்லாம் உண்டாச்சுன்னு எழுதுறாரு. ரெண்டாவது கடவுள ஒருத்தரக் கூட்டிட்டு வரல, அந்த ஒண்ணுக்குள்ளயே இயேசுவ வைக்கிறாரு, அதுவும் சிலை வழிபாட்டப் பத்திப் பேசுற எடத்துல!

ஆவியார் வெறும் சக்தி இல்லையான்னா, திருத்தூதர் பணி 5ல நிலத்த வித்த காச மறைச்ச அனனியாகிட்ட பேதுரு கேக்குறாரு, ஆவியார்கிட்ட பொய் சொன்னியான்னு, அடுத்த வரியிலயே நீ பொய் சொன்னது மனுசன்கிட்ட இல்ல கடவுள்கிட்டன்னு. சக்திகிட்ட யாரு பொய் சொல்லுவா?

எங்க அப்பத்தா, அப்பா கடலுக்குப் போகையில வள்ளத்தோட முன்பக்கம் ஈரப் பலகையில கட்டைவிரலால சிலுவை போட்டு "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே"ன்னு சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாது அதுக்கு. பெயராலே, பெயர்களாலே இல்ல! மத்தேயு 28:19 கிரேக்கத்துலயும் ஒருமைதான், மூணு பேரு சொல்லி ஒரு பெயர். இது ஒண்ணே போதும்னு சொல்லல, மத்த வசனத்தோட சேத்துப் பாத்தா அந்த ஒருமை சும்மா வரலன்னு தோணுது.

நேத்து காக்கா வந்தாரு, ஐஸ் பாரு கதை தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டு இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டாரு, ஒத்துக்கல. "அப்ப ஈசா நபி அந்தத் தோட்டத்துல யாருகிட்ட துஆ கேட்டாக?"ன்னாரு, இயேசு பிடிபடுறதுக்கு முன்னாடி கெத்சமனி தோட்டத்துல ஜெபம் பண்ணதத்தான் கேக்குறாரு. தந்தைகிட்டதான் காக்கா, மகன் வேற தந்தை வேறன்னுதான் நாங்களும் சொல்றோம்னு யோவான் 17:5 எடுத்துக் குடுத்தேன், உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடி உம்மகிட்ட எனக்கு இருந்த மாட்சின்னு இயேசு தந்தைகிட்ட பேசுற எடம். கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சாரு. "முன்னாடியேவா"ன்னாரு. ஆமா காக்கான்னேன்.