சனி மதியம் முதல் ஞாயிறு மாலை வரை

சிங்கப்பூரில், தேக்கோங் தீவுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சிக்குப் போகிறவனைக் காதலிக்கும் பெண்ணிடம் ஊரே ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறது: "வேலையைப் பார், ஒன்பது வாரம் ஓடியே போய்விடும்." வேலை நாட்களுக்கு அது சரி. என்னைப் படுத்தியது வாரக் கடைசி. அவன் கண்ணில் படாத நாட்களைவிட, வீட்டுக்கு வந்து நிற்கும் அந்த ஒன்றரை நாள்தான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

நாங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். 2018 ஏப்ரலில் அவன், இங்கே ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவையில் சேர்ந்தான். நான் அப்போதுதான் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரியும், ஆனால் நிச்சயதார்த்தம் எதுவும் ஆகவில்லை. படகில் அவனுடன் தீவு வரை போனது அவன் பெற்றோரும் பாட்டியும்தான். நான், படகுத்துறைக்குப் பேருந்து கிளம்பும் பாசிர் ரிஸ் பேருந்து நிலையத்தோடு நின்றுகொண்டேன். உறுதிமொழி எடுத்தது, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ராணுவ அட்டையைக் கொடுத்தது, தங்கும் அறையைக் காட்டியது, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டது எல்லாம் அன்றிரவு ஆன்ட்டி, அதாவது அவனுடைய அம்மா, சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தமிழ்ப் புத்தாண்டு அதற்குள் வந்து போய்விட்டது. இரவு விளக்கணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கைப்பேசி கைக்கு வரும். அதற்குள் குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், மறுநாளைக்கு வேண்டியதை எடுத்துவைக்க வேண்டும், அம்மாவிடம் பேச வேண்டும். எனக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள். "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டால், "வழக்கம்போலத்தான்" என்பான். விடிந்ததிலிருந்து அதட்டலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அதை மறுபடி சொல்லத் தெம்பு எங்கே இருக்கும்? அதனால் நான் என் நாளைச் சொல்லத் தொடங்கினேன். என் வகுப்பில் ஒரு பையன் தினமும் இட்லியைப் பிய்த்துத் துணி யானைக்கு ஊட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவான். அதைச் சொன்னேன். மறுநாள் இரவு அவன் அழைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்று யானை சாப்பிட்டதா?"

எனக்குப் பெரிய துணை அப்பாதான். 1967 முதல் தேசிய சேவை இருக்கும் ஊரில், விவரம் கேட்க வீட்டுக்கு வீடு ஓர் அப்பாவோ மாமாவோ அண்ணனோ இருப்பார்கள். அப்பா கார்ப்பரலாகச் சேவையை முடித்தவர். அவர் காலத்தில் அந்தத் தகுதிக்கு இரண்டரை ஆண்டு. எல்லோருக்கும் இரண்டு ஆண்டு என்று குறைத்தது 2004இல்தான். முகாமில் இருந்து அம்மாவை அழைக்க நாணயத் தொலைபேசிக்கு வரிசையில் நின்ற கதையை அவர் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கையெறி குண்டு எறியும் வாரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஒரு காகிதத்தை எடுத்து, தடுப்புச் சுவர் எங்கே இருக்கும், எறிபவன் பக்கத்திலேயே பயிற்றுநர் எப்படி நிற்பார் என்று வரைந்து காட்டினார். பயம் போகவில்லை, ஆனால் எதற்கு எவ்வளவு பயப்படலாம் என்று தெரிந்தது.

இனி அந்த வாரக் கடைசிக்கு வருகிறேன். முதல் புக் அவுட் அன்று, அதாவது முகாமிலிருந்து வீட்டுக்குப் போக முதன்முதலாக விட்ட நாளில், அவன் வீட்டில் அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட தம்பிகள் என்று கூட்டம். பாட்டி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். மொட்டைத் தலையும் கறுத்த கழுத்துமாக அவன் வந்து உட்கார்ந்தான். எல்லோரும் கேட்ட ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொன்னான். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தவன் சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். மாலையில் பள்ளி நண்பர்கள் வந்து அழைத்துப் போனார்கள். ஞாயிறு மதியத்திலேயே பையை எடுத்துவைக்கும் பரபரப்பு ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கிடைத்தது பாசிர் ரிஸ் வரையிலான ரயில் பயணம் மட்டும், அதிலும் பாதி வழி அவன் கண்ணை மூடியிருந்தான். யார் மேல் என்றே சொல்லத் தெரியாத கோபம் எனக்கு. காதலிக்கிறவளுக்கு அந்த நேரத்தில் இப்படிக் கோபம் வருவது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவனிடம் காட்டுவதற்கில்லை, அவ்வளவுதான்.

வார நடுவில் ஆன்ட்டியை அழைத்து, எனக்கும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று நேராகவே கேட்டுவிட்டேன். ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கே அவனை முழுதாகப் பார்த்த மாதிரி இல்லை அம்மா" என்றார். அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சனி மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது, என்னையும் சேர்த்து. அதன்பின் அவனாக எழுந்திருக்கும் வரை யாரும் எழுப்பக் கூடாது. மாலை எங்கள் இருவருக்கும். ஞாயிறு காலை வீட்டாருக்கு. பாசிர் ரிஸ்ஸுக்கு அவன் அப்பாவும் நானும் கொண்டுபோய் விடுவோம். உறவினர்களிடம், "பயிற்சி நிறைவு அணிவகுப்பு முடியட்டும், பிறகு வாருங்கள்" என்று சொல்லும் வேலையை ஆன்ட்டியே ஏற்றுக்கொண்டார். மாமியார் ஆகப் போகிறவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று என் அம்மா முகம் சுளித்தார். கேட்டதால்தான் மிச்ச வாரங்கள் தாங்கின.

காட்டுப் பயிற்சிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நானும் ஆன்ட்டியும் தரையில் உட்கார்ந்து சாமான் கட்டினோம். பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் ரப்பர் பட்டை, கறுப்பு டேப் எல்லாம் வாங்கியிருந்தோம். காட்டில் குளிக்க வழியில்லை. உடம்பெல்லாம் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொள்வதுதான் குளியல். மழையில் நனையாமல் இருக்க, ஒரு நாளைக்கு ஒன்றாக ஜிப் பைகளில் பனியன், உள்ளாடை, காலுறை வைத்தோம். பையை முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி வாயை மூடுவார் ஆன்ட்டி, நான் மேலே எண் எழுதுவேன். மூன்றாம் எண் பையில் காகிதத்தில் மடித்த திருநீற்றையும் செருகினார். கண்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் கைப்பேசி கிடையாது. இரவு ஒன்பதரைக்குக் கை தானாகப் போய்ப் போனை எடுக்கும், வைக்கும். காட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகக் குடும்பத்தாரிடம் முன்பே கடிதம் கேட்டு வாங்கியிருந்தார்கள். நான் குடும்பத்தில் சேர்த்தியா என்று தெரியாமல் சும்மா இருந்தேன். ஆன்ட்டிதான், "நீயும் எழுதிக் கொடு" என்று தன் உறையிலேயே என் காகிதத்தையும் வைத்தார். குழி தோண்டிக் களைத்துப்போய், முகத்தில் பச்சைச் சாயத்தோடு உட்கார்ந்து இரண்டையும் படித்ததாகப் பிறகு சொன்னான். எதை முதலில் படித்தாய் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 24 கிலோமீட்டர் நடையை முடித்துவிட்டு மரினா பே மிதக்கும் மேடையில் அணிவகுத்து நின்றார்கள். தொப்பிகள் மேலே பறந்ததும் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். விடுப்பு முடிந்ததும் பாசிர் லாபாவில் சார்ஜன்ட் பயிற்சி. அங்கும் வார நாட்களில் முகாமில்தான் வாசம். எங்கள் சனி, ஞாயிறு ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. ரயில் மட்டும் அந்த முகாமுக்குப் போகும் வழியிலுள்ள ஜூ கூன் நிலையத்தின் பக்கம் திரும்பியது.

இந்த ஆண்டு என் சித்தி மகளின் காதலன் தேக்கோங் போயிருக்கிறான். என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று அவள் கேட்டாள். பவுடரும் ஜிப் பையும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், முதல் புக் அவுட்டுக்கு முன்னால் அவன் அம்மாவிடம் பேசு என்றேன். பேசிவிட்டாள். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவளையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.