நாரி நோவும் இடது காலும்

ஜனவரி 9

மூன்று கிழமைக்கு முன் வெல்லாவெளி வயலில் யூரியா பையைக் குனிந்து தூக்கும்போது நாரியில் பிடித்தது, இப்போது பிட்டத்தால் இறங்கி இடது கால் முழுக்க கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. ஸ்கானில் எல் 4 - எல் 5 தட்டு, அதாவது நாரி முள்ளெலும்பு இரண்டுக்கும் இடையில் இருக்கும் மெத்தை, பிதுங்கி நரம்பை அமத்துகிறதாம். அவசரப்பட வேண்டாம், அநேகம் பேருக்கு 6 தொடக்கம் 12 கிழமைக்குள் தானாகவே குறையும் என்றார் டொக்டர். ஆனால் சலம் போகாமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் விறைத்தாலோ அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு ஓடிவரச் சொன்னார்.

ஜனவரி 27

கல்லடிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மகள், "அப்பா, செருப்பு!" என்று கத்தினாள். இடது செருப்பு கழன்று நாலு பாகம் பின்னால் கிடக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து இரண்டு பெருவிரலையும் தூக்கிப் பார்த்தேன். வலது எழும்புகிறது, இடது அப்படியே கிடக்கிறது. "எண்ணெய் போட்டுப் பிடிச்சா சரியாப் போகும் மனே" என்றா அம்மா. நோவென்றால் பொறுக்கலாம், விரல் சோர்ந்த பிறகு எப்படிப் பொறுப்பது? உடனே டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

பெப்ரவரி 5, கொழும்பு

பிதுங்கின தட்டை எடுக்கும் ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. குப்புறப் படுக்கவைத்து இடுப்போரம் விறைக்க ஊசி போட்டார்கள், முழு மயக்கம் இல்லை. 8 மில்லிமீற்றர் அளவில்தான் வெட்டு, முதுகெலும்புக்குப் பக்கத்தில் நரம்பு வெளியே வரும் துவாரத்தால் கமரா வைத்த குழாய் போகிறது, உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. "கால் எப்படி?" என்று அடிக்கடி கேட்டார்கள், ஒருதரம் நரம்பில் பட்டதும் கத்திவிட்டேன். எடுத்த துண்டை அப்புறம் காட்டினார்கள், நம் வாவி நண்டின் சதை போல வெள்ளையாக, நார் நாராக. பின்னேரமே எழும்பி நடந்தேன், கால் இழுவை போய்விட்டது, எனக்கு அழுகை வந்தது.

பெப்ரவரி 14

2022இல் நெதர்லாந்து ஆய்வொன்று வந்ததைப் படித்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கால் நோவு குறைவதில் எனக்குச் செய்த இந்தக் கமராக் குழாய் முறை வழமையான ஒப்பரேஷனுக்குப் பின்தங்கவில்லையாம். சரி, ஆனால் மீண்டும் பிதுங்கக்கூடும், அதனால் 6 கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது.

மார்ச் 3

பெருவிரல் பாதி எழும்புகிறது, மேற்பாதம் இன்னும் விறைப்பு. நரம்பு மெதுவாகத்தான் தேறுமாம். வெல்லாவெளியில் அறுவடை, மச்சான் நெல்லுப் பை கட்டுகிறார், நான் வரம்பில் நின்று எண்ணிக் கொப்பியில் எழுதுகிறேன்.