முந்தானையில் முடிந்த பாலன்

இது அம்மா வைத்த நேர்த்தி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரில் யாழ்ப்பாணப் பட்டினமும் வலிகாமமும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நெரிந்துகொண்டிருந்தபோது வைத்தது. “குடும்பத்தில் ஒருவரும் குறையாமல் பாசையூருக்குத் திரும்பினால், உம்முடைய இந்தச் சொரூபத்தைக் கச்சதீவுக் கோவிலுக்குக் கொண்டுவந்து உம்முடைய காலடியில் வைத்து எடுப்பேன்” என்று அந்தோனியாரிடம் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு ஒருவரும் குறையாமல் திரும்பினோம். ஆனால் கச்சதீவுக்குக் கடல் திறக்கவில்லை. கடல் திறந்தபோது அம்மாவின் முழங்கால்கள் விடவில்லை. “நீ ஒருக்கால் கொண்டுபோய் வாவேன்” என்று என்னிடம் எத்தனையோ தவக்காலங்களில் கேட்டார். எனக்கு ஒவ்வொரு முறையும் மறைக்கல்வி வகுப்பு இருந்தது.

ஆம், நான் மறைக்கல்வி ஆசிரியர். முப்பத்தொரு ஆண்டுகள். அருட்சாதனங்கள் ஏழையும் உறக்கத்திலும் விளக்குவேன். தங்கையின் கணவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர், வீட்டுக்கு வரும்போதெல்லாம், “அத்தான், நீங்கள் மறுபடியும் பிறந்தது எந்த நாள்?” என்று கேட்பார். நான் ஞானஸ்நானச் சான்றிதழில் உள்ள தேதியைச் சொல்வேன். அவர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தண்ணீராலும் ஆவியாலும் பிறப்பது என்றால் என்ன என்று திருச்சபைத் தந்தையர்களிடமிருந்து தொடங்குவேன், அம்மா அடுப்படியிலிருந்து, “சாப்பாடு ஆறுகிறது” என்பார்.

அம்மா போன பிறகுதான் இந்த ஆண்டு புறப்பட்டேன்.

சொரூபத்தை அம்மாவின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, விடியப்புறம் பஸ் ஏறினேன். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு எல்லாம் இருட்டிலேயே கடந்தன. படகு ஏறும் குறிகட்டுவானில் கூட்டத்தைப் பார்த்ததும் மனம் தளர்ந்தது. வரிசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஒருவன் காதருகில் வந்து, “ஐயா, ஐந்நூறு ரூபாய் கூடத் தாருங்கள், முதல் படகில் ஏற்றிவிடுகிறேன்” என்றான். கொடுத்தேன். நேர்த்திக்குப் போகும் மறைக்கல்வி ஆசிரியர் இறங்குதுறையில் கைக்கூலி கொடுத்தார் என்பதையும் எழுதத்தானே வேண்டும். நாலாவது படகில் ஏறினேன். அவனைப் பிறகு காணவில்லை.

கடல் அன்று சரியாக இல்லை. எனக்கு முன்னால் இருந்த பெண்பிள்ளைகள் செபமாலை சொல்லிக்கொண்டே வாந்தி எடுத்தார்கள், வாந்தி எடுத்துக்கொண்டே செபமாலை சொன்னார்கள். நான் மடியில் இருந்த பொட்டலத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். செபிக்கவில்லை, பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

தீவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போனவர்களுக்குத் தெரியும். முள்ளும் மணலும் வெயிலும். குடிதண்ணீர் கொண்டுபோனால் உண்டு. 2016இல் திறந்த புதுக்கோவில் அழகாக இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் நின்று கும்பிடுகிறவர்களைவிடக் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறவர்களே அதிகம். கழிப்பறை வரிசையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். கொடியேற்றம், சிலுவைப்பாதை எல்லாம் முறையாக நடந்தன. சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் ஒரு பக்கம் முறையாகக் கைமாறின.

மாலையில் மணலில் இருந்தபோது, பக்கத்தில் இருந்த இளைஞர்கள் நான் யார் என்று அறிந்து ஏதோ கேட்க, வழக்கம்போலத் தொடங்கிவிட்டேன். அந்தோனியார் லிஸ்பனில் பிறந்த பெர்னாந்து என்பதையும், அகுஸ்தீனார் சபையில் வேதநூலைக் கரைத்துக் குடித்த பின், மொரொக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் வந்திறங்கியதைக் கண்டு பெயரையே மாற்றிக்கொண்டு அந்த ஏழைச் சபையில் சேர்ந்ததையும் சொன்னேன். படித்ததை வெளிக்காட்டாமல் மடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரைத்தான் திருச்சபை 1946இல் மறைவல்லுநர் என்றது என்றேன். அங்கிருந்து, இரவில் இயேசுவைத் தேடி வந்த பரிசேயர் நிக்கதேமுக்குத் தாவினேன். ‘அனோத்தன்’ பிறக்க வேண்டும் என்று இயேசு அவரிடம் சொன்னார். ‘அனோத்தன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறுபடியும்’ என்றும் ‘மேலிருந்து’ என்றும் இரு பொருள். அவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டு, வயதானவன் தாயின் வயிற்றுக்குள் எப்படித் திரும்பப் போவது என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஓர் ஆச்சி அருகில் கால் நீட்டி இருந்தார். “அவருக்குப் பிறகாவது விளங்கியதா, வாத்தியார்?” என்றார். இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் அகிலும் கொண்டுவந்தவர் அவர்தான் என்று யோவான் 19ஆம் அதிகாரத்தைச் சொன்னேன்.

“உயிரோடு இருந்தபோது இராத்திரியில் ஒளித்து வந்தவர், செத்த பிறகா நூறு இராத்தல் கொண்டுவந்தார்? பாவம்.”

அம்மாவின் பொட்டலம் என் மடியில் இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் விளக்கவில்லை.

இருட்டிய பிறகு சொரூபப் பவனி. பவனி முடிந்து சொரூபத்தைத் தொட எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். நானும் சேலைத்துண்டை அவிழ்த்து, அம்மாவின் அந்தோனியாரைத் தலைக்கு மேல் தூக்கியபடி உள்ளே நுழைந்தேன். ஒரு முழங்கை விலாவில் இடித்தது. கையில் ஏதோ கழன்றது போலிருந்தது. கீழே இறக்கிப் பார்த்தேன். அந்தோனியார் இருந்தார், அவர் கையில் விரித்த புத்தகம் இருந்தது. புத்தகத்தின் மேல் இருக்கும் பாலன் இயேசு இல்லை.

நாவற்குழியிலும் இதுதான் நடந்தது. அந்த நெரிசலில் பாலன் கழன்று விழ, அம்மா நடுப்பாலத்தில் குனிந்து கால்களுக்கிடையே தேடினார். “ஒரு சுண்ணாம்புப் பொம்மைக்காகவா எல்லாரையும் சாகடிக்கப் போகிறீர்கள்?” என்று கத்தி, அவருடைய கையைப் பிடித்து இழுத்தவன் நான். அதற்குள் எடுத்துவிட்டார். முந்தானையில் முடிந்து வைத்து, சாவகச்சேரியில் மெழுகுதிரியை உருக்கி ஒட்டினார். பிறகு எது தொலைந்தாலும் அந்தோனியாரைக் கூப்பிடுவார். “அவர் என்ன, தொலைந்த சாமான் கந்தோரா நடத்துகிறார்?” என்று நான் கேலி செய்வேன்.

மணலில் முழங்காலிட்டேன். கைவிரல்களை யார் யாரோ மிதித்தார்கள். “ஐயா, வழியை மறிக்காதீர்கள், எழும்புங்கள்” என்று தொண்டர் ஒருவர் தோளைப் பிடித்தார். எழும்பவில்லை. செபம் என்று ஒன்றும் வாயில் வரவில்லை. படித்தது ஒன்றும் வரவில்லை. “அந்தோனியாரே, கண்டெடுத்துத் தாரும், அந்தோனியாரே, கண்டெடுத்துத் தாரும்” என்று சின்னப்பிள்ளை போல அழுதுகொண்டு மணலை அளைந்தேன். பக்கத்தில் யாரோ கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார்கள். இன்னொருவரும் குனிந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“மாமா, இதுவா?”

எட்டு, ஒன்பது வயதுப் பொடியன். உள்ளங்கையில் என் பெருவிரல் அளவுப் பாலன், உடம்பெல்லாம் மணல், முதுகில் அம்மா ஒட்டிய மெழுகு மஞ்சளாகக் காய்ந்திருந்தது. வாங்கி முத்தமிட்டேன். வாயில் மணல் கரகரத்தது. அந்த ஆச்சி எங்கிருந்தோ எரியும் மெழுகுதிரியோடு வந்து, “பிடியுங்கள், சொட்டு விடுகிறேன்” என்றார். கோவில் படியில் இருந்து அந்தப் பழைய மெழுகின் மேலேயே ஒட்டினோம். பிறகு காலடியில் வைத்து எடுத்தேன். அம்மா சொன்னபடியே.

மறுநாள் திருப்பலி, திரும்பும் படகு, பஸ் எல்லாம் நினைவில் ஒழுங்காக இல்லை. அந்தோனியாரே, உமக்கு நன்றி. கடலுக்கு நன்றி, நாலாவது படகுக்கும் நன்றி. முதல் படகில் போயிருந்தால் அந்த ஆச்சிக்கு அருகில் இருந்திருக்கமாட்டேன். இடித்த முழங்கைக்கும் நன்றி. பொடியனின் பெயரைக் கேட்காமல் விட்டேன், அவனை உம்முடைய காவலில் வையும்.

மறு வாரம் தங்கையின் கணவர் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கத் தொடங்கியவர், மேசையில் இருந்த சொரூபத்தைப் பார்த்து, “என்ன அத்தான், பாலன் சரிந்து இருக்கிறார்?” என்றார். நான் தேநீர் ஊற்றப் போனேன்.