ஃபிரிட்ஜ் வந்தது, படி உடைந்தது: டெலிவரி சேதத்துக்கு இழப்பீடு வாங்கும் வழி

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பல பழைய வீடுகளில் மாடிப்படி இரண்டரை அடி அகலம் இருந்தாலே பெரிசு. திருப்பத்தில் ஒருவர் மேலே இழுக்க, இன்னொருவர் கீழே முட்டுக்கொடுக்க, ஃபிரிட்ஜ் பெட்டியின் அடிமூலை படி விளிம்பில் இடிக்கும். விளிம்பு பெயரும், கைப்பிடி வளையும், ஹாலில் இழுத்த இடத்தில் டைல் கீறும். பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பதில் பாதி, அந்த ஆட்கள் தெருமுனை தாண்டுவதற்குள் முடிவாகிவிடும்.

உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். புது விரிசலுக்குள் டைலின் உடம்பு வெளுப்பாக, தூசியில்லாமல் தெரியும். பழைய விரிசல் மாப் தண்ணீர் குடித்துக் கறுத்திருக்கும். ஒரு வாரம் மாப் போட்டால் உங்கள் புது விரிசலும் அப்படியே ஆகிவிடும். பிறகு பார்க்க வரும் கம்பெனி ஆள் "இது முன்னாடியே இருந்தது" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கிட்டத்தில் ஒரு படம், பெட்டியும் படியும் சேர்ந்து தெரிய எட்டத்தில் ஒரு படம், ஒரு சின்ன வீடியோ. இடிபடாத பக்கத்து டைல்களை நாணயத்தால் தட்டி, அந்தச் சத்தத்தையும் வீடியோவில் பிடித்து வையுங்கள். "டைல் அடியில் பொள்ளலா இருந்துச்சு, அதான் உடைஞ்சுது" என்பது அவர்களுடைய இரண்டாவது வாதம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் தங்காது. ஒரிஜினல் போனிலேயே இருக்கட்டும்.

டெலிவரி சீட்டில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று அச்சடித்திருக்கும். அதற்கு மேலேயே, "ஏற்றும்போது 4-வது படி விளிம்பு உடைந்தது, ஹாலில் 2 டைல் விரிசல்" என்று தேதி, நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீட்டைப் படம் எடுங்கள். "அக்கா, எழுதாதீங்கக்கா, எங்க கூலியிலதான் புடிப்பாங்க" என்பார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதற்காக எழுதாமல் விட்டுவிட்டு, அவர்கள் பாக்கெட்டிலிருந்து ஐந்நூறு வாங்கிக்கொள்வது இரண்டு பேருக்கும் நஷ்டம். வேலை நேரத்தில் ஆள் செய்த கவனக்குறைவுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு. கம்பெனிக்குப் புகார் அனுப்பும் மெயிலிலேயே "இழப்பீடு நிறுவனத்திடம் கேட்கிறேன், ஆட்களின் கூலியில் பிடிக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். சீட்டு இல்லாமல் ஓடிபி மட்டும் என்றால், அடுத்த பத்து நிமிடத்தில் ஆப் சாட்டில் படத்தோடு புகார் போடுங்கள். ஓடிபி கொடுத்தால் பொருள் வந்து சேர்ந்தது என்றுதான் அர்த்தம், உடைந்த படியை மன்னித்தாயிற்று என்று இல்லை.

நம்ம ஏரியாவில் நிறைய பேர் சறுக்குகிற இடம் ஏற்றுக்கூலி. பில்லில் "தரைத்தள டெலிவரி" என்று இருக்கும், ஆட்கள் மாடிக்கு ஏற்றத் தனியாகக் காசு கேட்பார்கள், நாமும் ஜிபே செய்துவிடுவோம். படி உடைந்ததும் "அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள தனி ஏற்பாடு" என்று கம்பெனி கையை விரிக்கும். ஆர்டர் போடும்போதே மாடி டெலிவரி உண்டா என்று சாட்டில் எழுத்தில் வாங்கிவிட்டால் இந்த வாதம் எடுபடாது. ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டால், கம்பெனியின் ஆள், கம்பெனி அனுப்பிய நேரத்தில், கம்பெனி பொருளைத்தான் தூக்கினார் என்பதை வைத்துப் பேச வேண்டும். முடியாததில்லை, ஆனால் கேஸ் இளைத்துவிடும்.

அடுத்தது எஸ்டிமேட். கம்பெனி ஒரு டைல் விலையை மட்டும் கணக்குப் போடும். இரண்டடிக்கு இரண்டடி டைல் பொதுவாக நாலு கொண்ட பெட்டியாகத்தான் வரும். டைல் ஒட்டும் பசை 20 கிலோ மூட்டை, கிரௌட் 1 கிலோ. கொத்தனாரும் பெரியாளும் இரண்டு டைலுக்காக வந்தாலும் முழுநாள் கூலி. பழைய டைலைக் கொத்தி எடுத்த ரப்பிஷைக் கீழே இறக்குவதும் செலவுதான். பெயின்ட் என்றால் இடித்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், அந்தச் சுவர் மூலைக்கு மூலை கேளுங்கள். மொசைக், ரெட் ஆக்சைடு தரைகளில் ஒட்டுப்போட்டது எப்போதும் ஒட்டுப்போட்டதாகவே தெரியும். உடைந்த படியை முழுதாகப் போடக் கேட்பது நியாயம், மொத்தப் படிக்கட்டையும் கேட்டால் நம் மற்ற கணக்கையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள், ஒன்றாவது ஜிஎஸ்டி நம்பர் உள்ள கடையின் லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும்.

மெயில் கஸ்டமர் கேருக்கு மட்டும் போனால் போதாது. இணைய வணிக நிறுவனங்கள் குறைதீர் அதிகாரியின் பெயரைத் தளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். விற்றவர், தளம், டெலிவரி கம்பெனி மூவருக்கும் ஒரே மெயில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டியே மாதத்தை ஓட்டுவார்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே உத்தரவு போட மாட்டார்கள், ஆனாலும் அந்தப் புகார் எண்ணைப் பார்த்ததும் சில கம்பெனிகள் இறங்கி வரும்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், வேண்டுமென்றே உடைக்காதது குற்ற வழக்காகாது. விதிவிலக்கு, டெலிவரி டெம்போ வந்து சன்ஷேடையோ கேட்டையோ இடித்தால். அப்போது வண்டி எண்ணோடு கட்டாயம் புகார் கொடுங்கள். வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் சொத்துச் சேதமும் அடங்கும்.

எதற்கும் அசையாவிட்டால், 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. சேதம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில், படங்கள், எஸ்டிமேட், மெயில்கள், பிரமாணப் பத்திரம் வேண்டும். போன் படங்களுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றையும் (மின்னணு ஆதாரத்துக்கான சான்று) இணையுங்கள், பலர் விடுவது இதைத்தான். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15. மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

வாடகை வீடு என்றால் அன்றைக்கே ஹவுஸ் ஓனருக்குப் படம் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார் என்று எழுதி வாங்கினால் அதுவும் உங்கள் நஷ்டத்துக்கு ஆதாரம்.

இடையில் கூப்பனோ வாலட் பணமோ நீட்டுவார்கள். கொத்தனார் கூப்பன் வாங்க மாட்டார், வங்கிக் கணக்கில் கேளுங்கள். "ஃபுல் அண்ட் ஃபைனல்" தாளில் கையெழுத்துப் போடுமுன், "இன்று கண்ணுக்குத் தெரியும் சேதத்துக்கு மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். சுவருக்குள் போகும் பைப் இடிபட்டிருந்தால் ஈரம் ஊறி வெளியே தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். பணம் கணக்கில் ஏறும்வரை உடைந்த துண்டுகளை ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள்.