ரெஃப்யூசல்னு எழுதின கட்டம்

2017 பிப்ரவரில மீசில்ஸ்ங்கற தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேத்துப் போடற எம்.ஆர். ஊசி கேம்பெய்ன் ஆரம்பிச்சு நான் முதல்ல போன ஸ்கூல்ல மூணாங்கிளாஸ்ல பாதி பெஞ்சு காலி. பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லாம ஒண்ணும் இல்ல, ஊசின்னு தெரிஞ்சதும் வீட்லயே நிறுத்திட்டாங்க. ஒம்பது மாசத்துலருந்து 15 வயசுக்குள்ள இருக்கற எல்லாருக்கும் போடணும்னு தமிழ்நாடு, கர்நாடகா, புதுச்சேரி, கோவா, லட்சத்தீவுன்னு அஞ்சு இடத்துல தான் அதை முதல்ல ஆரம்பிச்சாங்க. நாங்க வேக்சின் கேரியரை, அதான் தடுப்பூசி மருந்து வெக்கற ஐஸ் பெட்டியை, தூக்கிட்டு போறதுக்கு முன்னாடியே வாட்சப் ஆடியோ ஊருக்குள்ள போயிருச்சு. பொம்பளப் பிள்ளைக்கு இதைப் போட்டா பின்னாடி குழந்தை தங்காதுன்னு யாரோ பேசி அனுப்பிருக்காங்க.

எனக்கு ரொம்ப வலிச்சது அந்தப் பொய் தான். ஏன்னா ரூபெல்லா சின்னப் பிள்ளைக்கு வந்தா லேசா காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, ரெண்டு மூணு நாள்ல போயிரும், ஆனா அதே ரூபெல்லா மாசமா இருக்கற பொண்ணுக்கு முதல் மூணு மாசத்துல வந்தா வயித்துல இருக்கற குழந்தைக்கு கண்ணுல புரை விழும், காது கேக்காது, இதயத்துல கோளாறு வரும், கருவே கலைஞ்சும் போகலாம். பின்னாடி பெத்துக்கப் போற குழந்தைய காப்பாத்தத்தான் அந்த ஊசியே. இதை ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொன்னேன், பாதிப் பேர் கேட்டாங்க, மீதிப் பேர் பக்கத்து வீட்ல போட்டு நாலு நாள் பாத்துட்டு அப்புறம் கூட்டிட்டு வந்தாங்க.

நான் வி.எச்.என்., கிராம சுகாதார செவிலியர். திருப்பூர் பக்கம் ஒரு சப்சென்டர்ல, அதாவது துணை சுகாதார நிலையத்துல இருக்கேன், வேலைக்கு சேந்தது 2006ல. புதன்கிழமை தடுப்பூசி நாள், அதுக்கு முன்னாடியே இந்த வாரம் எந்தெந்தக் குழந்தைக்கு என்ன ஊசின்னு டியூ லிஸ்ட் எடுத்துருவோம். வராத குழந்தைக்கு எதிர்ல காரணம் எழுதணும், வேண்டாம்னு சொன்ன வீடுன்னா ரெஃப்யூசல். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை யோசிக்காம எழுதிருக்கேன்னு இப்ப நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

ஒரு பவர்லூம் ஓட்டுற தம்பி வீட்டுக்கு ஒன்றரை வருஷம் அப்படித்தான் எழுதிட்டு இருந்தேன். வாசல்லயே வேண்டாங்கன்னுருவார், நானும் திரும்பிருவேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அவங்க திண்ணையில உக்காந்தப்ப அவரா ஆரம்பிச்சார். "ஏனுங்கம்மா, மூத்தவனுக்கு மூணாவது ஊசி போட்டப்ப தொடை வீங்கி சீழ் புடிச்சு, வெளிய காசு கட்டி கீறி எடுத்தோம், ஒரு வாரம் ரெண்டு பேரும் வேலைக்குப் போகல, போட்டவங்க ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தீங்ளா?" எனக்கு பதில் இல்ல. அந்த ஊசி வேற ஏரியால போட்டது, ஆனா அதைச் சொல்லி தப்பிக்க தோணல. ஊசிக்கப்புறம் காய்ச்சல் வரும்னு சொல்றோம், அதுக்கு பாராசிட்டமால் சொட்டு மருந்து குடுக்கறோம், ஆனா மறுநாள் காலைல போய் தொடையைத் தொட்டுப் பாக்கறோமா? அவருக்கு ஊசி மேல கோவம் இல்ல, கண்டுக்காம விட்டதுல தான் கோவம், இதை நான் ஒன்றரை வருஷம் ரெஃப்யூசல்னு எழுதிருக்கேன்.

சின்னவனுக்கு பென்டா, அதான் அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி, போட ஒத்துக்கிட்டார், ஒரு கண்டிஷனோட, நான் மறுநாள் வரணும். மறுநாள் காலைல ஏழு மணிக்கே போனேன், சாயங்காலமும் போனேன். லேசா சூடு, கொஞ்சம் அழுகை, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த லைன்ல இன்னொரு வீட்டையும் அவரே பேசி அனுப்பி வெச்சார்.

பயத்துக்கு காரணமே இல்லன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. 2008 ஏப்ரல்ல திருவள்ளூர் மாவட்டத்துல மீசில்ஸ் ஊசி போட்ட நாலு குழந்தைங்க இறந்துபோனாங்க. அப்ப நான் வேலைக்கு வந்து ரெண்டு வருஷம், ஊசியை கைல எடுக்கவே நடுக்கமா இருந்துச்சு, தாய்மாருங்க எப்படி நடுங்கிருப்பாங்க. அதுக்கப்புறம் டாக்டர் இருக்கற பி.எச்.சி.ல, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல தான் போடணும்னு மாத்தினாங்க. பாதுகாப்புக்குத்தான், ஆனா நடந்து வர்ற தூரத்துல கிடைச்ச ஊசி பஸ் ஏறிப் போற ஊசியாச்சு, பஸ்ஸுக்கும் காசு, அன்னிக்கு கூலியும் போச்சு. தேசிய குடும்பநல சர்வேல நம்ம மாநிலத்துல எல்லா ஊசியும் முழுசா போட்ட குழந்தைங்க 2005-06ல கிட்டத்தட்ட 81 சதவீதம், 2015-16ல 70க்கு இறங்கிருச்சு, அப்புறம் 2019-21ல 89க்கு ஏறுச்சு. இறங்கினதுக்கு அது மட்டுமே காரணம்னு சொல்ல எனக்கு தகுதி இல்ல, ஆனா என் ஏரியால தூரத்தால விட்டுப்போன குழந்தைங்களை எனக்கு பேர் பேரா தெரியும்.

இன்னொண்ணு, விட்டுப்போற குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு வேண்டாம்னு சொன்ன ஆளே கிடையாது. தலைப்பிரசவத்துக்கு பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிரும், அஞ்சு மாசம் கழிச்சு வரும்போது அங்க இருக்கற நர்ஸ் ஊருக்குப் போயாச்சுன்னு எழுதிருப்பாங்க, இங்க எங்க லிஸ்ட்ல பேரே ஏறிருக்காது. சில பேர் வலியில்லாத ஊசின்னு பிரைவேட்ல ஆரம்பிச்சு ரெண்டு டோஸோட காசு கட்டுபடியாகாம நிறுத்திருவாங்க, இங்க வர கூச்சப்பட்டுட்டு சும்மா இருந்துருவாங்க. பனியன் கம்பெனிக்கு பீகார், ஒடிசாலருந்து வந்த குடும்பங்கள்ல கார்டு ஊர்லயே கிடக்கும், பிள்ளைக்கு எது போட்டது எது போடலன்னு தாய்க்கே நிச்சயமா தெரியாது. அவங்களுக்காக நாலு வார்த்தை ஹிந்தி கத்துக்கிட்டேன். ஹிந்தில காய்ச்சலுக்கு புகார்னு தான் சொல்றாங்க, அதனால ஒவ்வொரு தாய்கிட்டயும் புகார் வரும், பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு இருக்கேன்.

மீசில்ஸுக்கு இந்த மாதிரி ஒரு சின்ன இடைவெளி போதும். தடுப்பில்லாத இடத்துல ஒரு பிள்ளைகிட்டருந்து 12லருந்து 18 பேருக்குப் பரவும், அதனாலதான் 95 சதவீதம் வேணும்னு சொல்றாங்க, அதுவும் ரெண்டு டோஸ். 2022ல மும்பைல கோவண்டி பக்கம் பரவி குழந்தைங்க இறந்த செய்தி வந்தப்ப நான் டியூ லிஸ்டை எடுத்து வெச்சு ஊர் ஊரா பேரை எண்ணினேன், லாக்டவுன் சமயத்துல விட்டவங்க அதுல இருபத்தி மூணு பேர். இருபத்தி ஒரு பிள்ளைக்குப் போட்டு முடிச்சோம், ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போயிருச்சு.

மிச்சம் இருந்த ஒண்ணு என் மனசை விட்டு போகவே இல்ல. அந்தப் பாட்டி அம்மை வந்தா ஆத்தா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டி வளத்தவங்க, ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்குவான்னு நம்பறாங்க, நானும் அவங்க கும்புடற அதே மாரியம்மனைத்தான் கும்புடறேன்னு சொல்லிப் பாத்தாச்சு. காபி குடுப்பாங்க, என் பிள்ளைங்க படிப்பைப் பத்தி விசாரிப்பாங்க, பேத்திய மட்டும் உள்ள ரூமுக்கு அனுப்பிருவாங்க. எம்.ஆர். ஊசியை அஞ்சு வயசு வரைக்கும் எங்க கணக்குல போடலாம், அந்தப் பாப்பாவுக்கு அப்போதைக்கு இன்னும் ஏழு மாசம் இருந்துச்சு. மருமகள் ஒருநாள் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, அத்தை செவ்வாக்கிழமை சந்தைக்குப் போவாங்க சிஸ்டர், அப்ப வாங்கன்னு சொல்லுச்சு. பாட்டிக்குத் தெரியாம போட எனக்கு மனசு வரல, நாளைக்கு லேசா காய்ச்சல் வந்தாலும் அந்தப் பொண்ணு தான் பேச்சு வாங்கணும். நீயும் உன் வீட்டுக்காரரும் சேந்து அத்தைகிட்ட சொல்லிட்டு கூப்பிடு கண்ணு, எந்நேரம்னாலும் வரேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தக் கட்டத்துல அப்ப ரெஃப்யூசல்னு எழுதல. பாட்டி பயப்படறாங்க, தாய் சம்மதம், அடுத்த வாரம் போகணும்னு பென்சில்ல எழுதி வெச்சேன்.